காளஹஸ்தியில் ஒரு சடலம்: துப்பறியும் கதைக்கு வேண்டிய தடய அறிவியல்

துப்பறியும் கதை எழுதுபவருக்கு வேண்டிய தடய அறிவியல் கொஞ்சம்தான். ஆனால் அந்தக் கொஞ்சம் பிசகக் கூடாது. நிபுணருக்குப் பரிசோதனையைச் செய்யத் தெரிய வேண்டும். எழுத்தாளருக்கு அந்தப் பரிசோதனை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது, எத்தனை நாளில் சொல்லும், யார் வாயால் சொல்லும் என்று தெரிந்தால் போதும். தமிழ்க் குற்றக் கதைகள் பெரும்பாலும் முதல் கேள்வியில் தப்பித்துவிடுகின்றன. மற்ற மூன்றில்தான் சறுக்குகின்றன. பிரேதப் பரிசோதனை முடிந்த மறு நிமிடமே டாக்டர் கையுறையைக் கழற்றியபடி, "விஷம்தான் சார், ராத்திரி பத்தேகாலுக்கு" என்கிறார். உண்மையில் எந்த டாக்டரும் அப்படி வாய்விட மாட்டார். விட்டால் குறுக்கு விசாரணையில் அந்தப் பத்தேகாலே அவரைப் படுத்தி எடுத்துவிடும்.

தொழிலைக் கற்று எழுதியவர்களுக்குப் பழைய முன்னுதாரணம் அகதா கிறிஸ்டி. முதல் உலகப் போரின்போது ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை பார்த்து விஷங்களைப் பற்றி அறிந்தவர், 1920-இல் வெளிவந்த தம் முதல் நாவலிலேயே ஸ்ட்ரிக்னைனை அதன் ரசாயன குணம் தவறாமல் கையாண்டார். தமிழில் சுஜாதாவுக்குப் பொறியியல் துணை நின்றது. ஆனால் கருவிகளின் புதுமை வேறு, பிண அறையின் நடைமுறை வேறு. நடைமுறையை ஊரிலிருந்துதான் கற்க வேண்டும். ஊருக்கு ஊர் வெயிலும் மண்ணும் செடியும் காகிதமும் மாறுகின்றன. சித்தூர் மாவட்டத்தில் இருந்து 2022 ஏப்ரலில் புதிய திருப்பதி மாவட்டத்துக்கு மாறிய காளஹஸ்தி அதற்கு நல்ல களம். தெலுங்கு பேசும் போலீஸ், தமிழ் பேசும் யாத்திரிகர், லாட்ஜுகள், வருடத்தில் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் சுவர்ணமுகி, பக்கத்திலேயே செம்மரக் காடு, கூடூர் - ரேணிகுண்டா ரயில் பாதை என்று ஒரு குற்றக் கதைக்கு வேண்டியதெல்லாம் சில மைல் சுற்றளவில் இருக்கிறது.

கதை சடலத்தில் தொடங்குவதால் முதலில் சம்பவ இடம். ஆந்திரத்தில் தடயம் சேகரிக்க வரும் குழுவைப் போலீஸாரும் பத்திரிகைகளும் "க்ளூஸ் டீம்" என்றே சொல்கிறார்கள். மோப்ப நாயும் கூடவே வரும். கதையில் "தடயவியல் வல்லுநர் குழு விரைந்தது" என்று எழுதினால் அது சென்னைச் செய்தி வாசிப்பு போல ஒலிக்கும். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 176-ஆம் பிரிவு, ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றங்களில் தடய அறிவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வந்தாக வேண்டும், சேகரிப்பு வீடியோவில் பதிவாக வேண்டும் என்கிறது. இதை நடைமுறைக்குக் கொண்டுவர மாநிலங்களுக்கு ஐந்தாண்டு வரை அவகாசம் உண்டு. ஆகவே கதை எந்த வருடத்தில் நடக்கிறது என்பதை எழுத்தாளர் முதல் பக்கத்துக்கு முன்பே முடிவு செய்துவிடுவது நல்லது. 2010-இல் நடக்கும் கதையில் ஒரு எஸ்.ஐ.யும் இரண்டு கான்ஸ்டபிள்களும் மிதித்துத் துவைத்த அறைக்குள் போட்டோகிராபர் கடைசியாக வருவது தவறே அல்ல.

அதன்பின் பிரேத விசாரணை. பஞ்சாயத்தார் முன்னிலையில் உடலின் கிடை, காயங்கள், உடைகள் எல்லாம் எழுதப்படும். ஆந்திரக் கிராமங்களில் இதற்குச் சாட்சியாகப் பெரும்பாலும் வி.ஆர்.ஓ. என்னும் கிராம வருவாய் அலுவலரைக் கூப்பிடுவார்கள். இறந்தவர் திருமணமாகி ஏழாண்டுக்குள் உள்ள பெண்ணாக இருந்தால் விஷயம் தாசில்தார் வரை போகும். உடலைப் பிரேதப் பரிசோதனைக்கு அனுப்பாமல் விட முடியாது. குடும்பக் கதை எழுதுகிறவர்கூட இந்த ஏழாண்டுக் கணக்கை நினைவில் வைத்திருந்தால் வசனம் தானாக வரும்: மாமியார் முதலில் கேட்பது "கல்யாணம் ஆகி எத்தனை வருஷம்னு எழுதியிருக்காங்க?" என்பதாகத்தான் இருக்கும்.

பிரேதப் பரிசோதனை நேரத்திலும் ஒரு நுணுக்கம் உண்டு. நெடுங்காலம் சூரியன் மறைந்தபின் செய்வதில்லை என்பதே நடைமுறை. 2021 நவம்பரில் மத்திய சுகாதார அமைச்சகம், போதுமான வசதியுள்ள ஆஸ்பத்திரிகளில் இரவிலும் செய்யலாம் என்று அனுமதித்தது. ஆனால் கொலை, தற்கொலை, பாலியல் வன்முறை, அழுகிய உடல், சந்தேக மரணம் ஆகியவற்றுக்கு அந்த அனுமதி பொதுவாகப் பொருந்தாது. சட்டம் ஒழுங்கு கெடும் நிலை இருந்தால் மட்டும் விலக்கு. குற்றக் கதைக்கு வேண்டிய சடலங்கள் எல்லாமே இந்தப் பட்டியலுக்குள் வந்துவிடுகின்றன. மாலை ஆறரைக்குக் கிடைத்த உடல் காளஹஸ்தி ஏரியா ஆஸ்பத்திரியில் விடியும்வரை கிடக்கும். அந்த இரவு எழுத்தாளருக்குக் கிடைத்த வரம். உறவினர்கள் வருவதும், யாரோ ஒருவர் வராமல் இருப்பதும் அப்போதுதான்.

மரணம் நேர்ந்த நேரத்தைக் கணிப்பதில்தான் ஊர் அறிவு பெரிதும் தேவைப்படுகிறது. ஆங்கில நாவல்களில் வரும் வெப்பமானிக் கணக்கு குளிர்நாட்டுக்கு உரியது. உடலின் சூடு 37 டிகிரி. சுற்றுப்புறம் அதைவிடக் குளிர்ந்திருந்தால்தான் உடல் ஆறும். காளஹஸ்தியில் மே மாதத்தில் நிழலிலேயே 40 டிகிரியைத் தாண்டும் நாட்கள் உண்டு. அன்று பகலில் தகரக் கூரை போட்ட கொட்டகையில் கிடக்கும் உடல் ஆறாது, சூடேறவும் கூடும். அதே ஊரில், அதே நாளில், ஏ.சி. ஓடும் லாட்ஜ் அறையில் கிடக்கும் உடல் பாடப்புத்தகத்தை ஒட்டி நடந்துகொள்ளும். இடையில் மூன்று மணி நேரம் மின்சாரம் போய்விட்டால் கணக்கு மறுபடியும் கெடும். ஏ.சி.யை 18-இல் வைத்துவிட்டுக் கதவைப் பூட்டிச் செல்லும் கொலையாளிக்கு எந்த ரசாயன அறிவும் தேவையில்லை. டாக்டரின் மதிப்பீடு தானாகவே நீண்டு தளர்ந்துபோகும்.

விறைப்பும் அவ்வாறே. இறந்தபின் தசைகள் விறைப்பது இமை, தாடையில் தொடங்கிக் கீழே இறங்கும். இந்தியப் பாடநூல்களின்படி நம் நாட்டில் அது ஓரிரு மணி நேரத்திலேயே தொடங்கிவிடுகிறது. கோடையில் 18 முதல் 36 மணி நேரத்துக்குள் விட்டுவிடலாம், குளிர்காலத்தில் இன்னும் நீடிக்கும். உடலின் தாழ்ந்த பக்கத்தில் ரத்தம் தேங்கி ஏற்படும் ஊதாப் படலம் சில மணி நேரத்தில் நிலைத்துவிடும். அதற்குப்பின் உடலைப் புரட்டிப் போட்டாலும் படலம் பழைய இடத்திலேயே இருக்கும். சடலம் இடம் மாற்றப்பட்டது என்பதற்கு நாவலாசிரியர்கள் விரும்பிக் கையாளும் சான்று இது. கருத்த தோலில் அதைக் கண்டுபிடிப்பது கடினம் என்பதை மட்டும் அவர்கள் சொல்வதில்லை. கோடையில் அழுகலின் முதல் அடையாளம், வயிற்றின் வலது கீழ்ப்பக்கத்தில் தோன்றும் பச்சை நிறம், ஒரு நாளுக்குள்ளேயே வந்துவிடும். அதன்பின் ஈ. முட்டை ஒரு நாளுக்குள் பொரிந்து, புழு நான்கைந்து நாள் தின்று, கூட்டுப்புழுவாகி இன்னும் நான்கைந்து நாளில் ஈயாகிறது. காலிக் கூடுகள் சடலத்தருகே கிடந்தால் ஒரு வாரத்துக்கு மேல் ஆயிற்று என்று சொல்லலாம். எத்தனை மணிக்கு என்று யாராலும் சொல்ல முடியாது. நேர்மையான டாக்டர் எழுதுவது ஒரு வீச்சைத்தான்: பரிசோதனைக்கு 24 முதல் 36 மணி நேரத்துக்கு முன். அந்தப் பன்னிரண்டு மணி நேர இடைவெளியில் கதையின் எல்லாப் பாத்திரங்களும் எங்கிருந்தார்கள் என்று தேடுவதே துப்பறிதல். நேரத்தைத் துல்லியமாக்கி அந்த இடைவெளியை மூடிவிடும் எழுத்தாளர் தம் கதையைத் தாமே சுருக்கிக்கொள்கிறார்.

சுவர்ணமுகியில் சடலம் மிதப்பதாக எழுதுபவர் முதலில் மாதத்தைப் பார்க்க வேண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலம் தவிர மற்ற நாட்களில் ஆற்றில் உடல் மிதக்கத் தண்ணீர் இருக்காது. காய்ந்த, சூடான மணலில் புதைந்த உடல் அழுகாமல் வற்றிச் சுருங்கிப் போவதும் உண்டு. மழைக்காலத்தில் மணல் அள்ளிய பள்ளத்தில் தேங்கும் தண்ணீரில் விழுந்து இறந்தவரின் எலும்பு மஜ்ஜையில் டயாட்டம் என்னும் நுண்பாசிகளைத் தேடுவார்கள். உயிரோடு மூச்சில் தண்ணீரை இழுத்தால்தான் அவை ரத்தம் வழியாக அவ்வளவு தூரம் போகும் என்பது அடிப்படை. ஆனால் அந்தப் பள்ளத்துத் தண்ணீரின் மாதிரியும் ஆய்வகத்துக்குப் போயிருக்க வேண்டும். மாதிரி எடுக்க மறந்து, அடுத்த வாரம் பள்ளம் வற்றிவிட்டால் சான்று அத்தோடு போயிற்று.

அடுத்து அடையாளம். கோயில் ஊரில் இறந்து கிடப்பவர் பெரும்பாலும் வெளியூர்க்காரர். ராகு கேது பூஜைக்கு வந்தவரா, திருமலை முடித்து வந்தவரா என்பதே முதல் கேள்வி. தலை மழித்திருந்தால் அடையாளம் காண்பது ஒரு வகையில் கடினமாகிறது: போட்டோவில் உள்ள முகம் வேறாகத் தெரியும், ஒப்பிடத் தலைமுடியும் இல்லை. இன்னொரு வகையில் அதுவே ஒரு கடிகாரம். மயிர் நாளொன்றுக்குச் சுமார் 0.4 மில்லிமீட்டர் வளர்கிறது, இறந்தபின் வளர்வதில்லை. தோல் சுருங்குவதால் வளர்ந்ததுபோலத் தோன்றும், அவ்வளவே. மொட்டைத் தலையில் முளைத்திருக்கும் முடியின் நீளத்தைப் பார்த்து, மழித்து எத்தனை நாள் உயிரோடு இருந்தார் என்று தோராயமாகச் சொல்லலாம். காளஹஸ்தியைத் தரிசித்தவர் வேறு கோயிலுக்குப் போகாமல் நேரே வீடு திரும்புவது வழக்கம் என்பதால், அவர் வராமல் போனதை வீட்டார் விரைவில் உணர்வார்கள். புகார் அநேகமாகத் தமிழ்நாட்டு ஸ்டேஷன் ஒன்றில் பதிவாகும். ஆந்திரத்தில் அடையாளம் தெரியாத சடலமாகவும் தமிழ்நாட்டில் காணாமல் போனவராகவும் ஒரே ஆள் இரண்டு கோப்புகளில் கிடப்பது எல்லைப்புறக் கதைக்கே வாய்த்த முடிச்சு.

இதற்குத் தமிழ் வாசகர் மறக்காத உதாரணம் 1952-இன் ஆளவந்தார் கொலை வழக்கு. சென்னையில் கொல்லப்பட்டவரின் தலையில்லா உடல் போட் மெயில் ரயிலில் டிரங்குப் பெட்டிக்குள் பயணம் செய்து மானாமதுரையில் கண்டெடுக்கப்பட்டது. தலை ராயபுரம் கடற்கரையில் கிடைத்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் காதுத் துளைகளையும் பல் அமைப்பையும் வைத்து அடையாளம் கண்டார்கள். டி.என்.ஏ. என்ற சொல்லே ஊரில் புழங்காத காலம் அது. எழுத்தாளர் இதில் கவனிக்க வேண்டியது, காதுத் துளையைப் பற்றிச் சொல்ல மனைவியோ தாயோ தேவைப்படுகிறார் என்பதே. டி.என்.ஏ. பாத்திரங்களைக் கதையிலிருந்து வெளியேற்றுகிறது. காதுத் துளை அவர்களை உள்ளே அழைத்துவருகிறது.

விஷம் தனிப் படிப்பு. நாவல்களில் வரும் சயனைடைவிட இந்தப் பகுதியின் பிண அறைகளுக்கு மெய்யாகவே வருவது பூச்சிமருந்தும் செடிகளும்தான். மஞ்சள் அரளி, செங்காந்தள் கிழங்கு, எட்டிக் கொட்டை, தெலுங்கில் கடிசெ என்றும் தமிழில் ஒடுவந்தழை என்றும் சொல்லப்படும் இலை. இந்தக் கடைசி இலை தென்னிந்தியாவுக்கு வெளியே அதிகம் பேசப்படாதது. சிறுநீரகத்தைப் பாதித்து, ரத்தத்தில் பொட்டாசியத்தைக் குறைத்து, இதயத்தை நிறுத்துகிறது. அளவும் தயாரிப்பும் கதையில் வரத் தேவையில்லை. வராமல் இருப்பதே நல்லது. கதைக்கு வேண்டியது இறந்தபின் நடப்பது. இரைப்பையும் அதில் உள்ளதும், சிறுகுடலில் ஒரு பகுதி, ஈரலில் அரைக் கிலோ அளவு, சிறுநீரகம் ஒவ்வொன்றிலும் பாதி, ரத்தம் என்று தனித்தனிப் பாட்டில்களில் எடுத்து, பெரும்பாலும் நிறைவுற்ற உப்புக் கரைசலில் இட்டு, வாயு சேர்ந்து மூடி தெறிக்காதபடி மேலே இடம் விட்டு, அரக்கு முத்திரை வைப்பார்கள். விசரா எனப்படும் இந்த உள்ளுறுப்புகளை ஃபார்மலினில் போடுவதாக எழுதும் நாவல்கள் ஏராளம். ஃபார்மலின் திசுவை இறுக்கிவிடுவதால் விஷத்தைப் பிரித்தெடுப்பது சிரமம். நுண்ணோக்கியில் பார்க்க வேண்டிய துண்டுக்குத்தான் அது. ஒரு டாக்டர் வேண்டுமென்றே ஃபார்மலினில் போட்டால் அது நல்ல சதி. எழுத்தாளர் தெரியாமல் போட்டால் அவர் பிழை.

பாட்டில் கிளம்பியதும் டாக்டர் எழுதுவது: ரசாயனப் பரிசோதனை அறிக்கை வரும்வரை மரணக் காரணம் பற்றிய கருத்து நிறுத்திவைக்கப்படுகிறது. அறிக்கை வர மாதங்கள் ஆகலாம். இந்தக் காத்திருப்பை வெட்டிவிட்டு மறுநாளே முடிவைக் கொண்டுவருவது சினிமா. திருப்பதியில் வட்டாரத் தடய அறிவியல் ஆய்வகம் இருக்கிறது. எந்தப் பரிசோதனை அங்கே நடக்கும், எது தலைமை ஆய்வகத்துக்குப் போகும் என்பதைக் கதையின் வருடத்துக்கு ஏற்ப விசாரித்துக்கொள்ள வேண்டும். வரலாற்றுக் கதை என்றால் இன்னும் சுவை. ரசாயனப் பரிசோதகரின் ஆய்வகம் இந்தியாவில் முதன்முதலாக 1849-இல் மதராஸில்தான் அமைந்தது. காளஹஸ்தி ஜமீன் வட ஆர்க்காட்டைச் சேர்ந்திருந்த 1900-இல் ஜாடி மதராஸுக்குத்தான் போயிருக்கும்.

பாம்பு இந்த ஊரில் எழுத்தாளரை எளிதில் இழுக்கும். ஆனால் பாம்புக்கடிக் கொலையை நிரூபிப்பது எவ்வளவு கடினம் என்பதைக் கொல்லம் மாவட்டத்தில் 2020-இல் நடந்த வழக்கு காட்டியது. இறந்த பெண்ணின் உடலில் இருந்த இரண்டு கடித்தடங்களின் அகலம் 2.3, 2.8 சென்டிமீட்டர். நாகம் தானாகக் கடித்தால் அவ்வளவு அகலம் வராது, தலையை அழுத்திப் பிடித்துக் கடிக்கவைத்தால்தான் வரும் என்பதைப் பொம்மையின் மீது உயிருள்ள நாகத்தை வைத்துச் செய்து பார்த்தார்கள். 2021 அக்டோபரில் கணவர் குற்றவாளி எனத் தீர்ப்பானது. கட்டுவிரியனாக இருந்தால் தடமே கண்ணுக்குத் தெரியாமல் போயிருக்கலாம்.

கறைகளுக்கு வந்தால் காளஹஸ்திக்கே உரிய ஒரு சிக்கல் கலம்காரிப் பட்டறை. அங்கே துணியைக் கடுக்காயும் பாலும் கலந்ததில் நனைக்கிறார்கள். துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் பல நாள் ஊறவைத்த கரைசலால் மூங்கில் எழுதுகோல் கொண்டு கறுப்புக் கோடு இழுக்கிறார்கள். சிவப்புக்குப் படிகாரமும் வேர்ச்சாயமும். இரவில் லுமினால் தெளித்து ரத்தம் தேடும் காட்சி நாவலாசிரியர்களுக்கு மிகப் பிடிக்கும். ஆனால் இரும்பு, தாமிர உப்புகளும் பிளீச்சிங் பவுடரும் லுமினாலை ஒளிரவைக்கக் கூடியவை. இரும்புக் கரைசல் சிந்திய பட்டறைத் தரையில் எந்த ஒளியையும் உடனே நம்ப முடியாது. ஃபினால்ஃப்தலீன் பரிசோதனையில் இளஞ்சிவப்பு வந்தாலும் அது "ரத்தமாக இருக்கலாம்" என்ற அளவில்தான். செடிகளில் உள்ள சில நொதிகளும் அந்த நிறத்தைத் தரும். ரத்தம்தான் என்பது ஒரு படி, மனித ரத்தம் என்பது இன்னொரு படி, யாருடையது என்பது அதற்கும் அடுத்தது. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்த குங்குமக் கறை எலுமிச்சைச் சாறு பட்டால் மஞ்சளாக மாறும், ரத்தம் மாறாது. இப்போது கடையில் விற்கும் குங்குமத்தில் பெரும்பாலும் செயற்கைச் சாயம் என்பதால் இந்தப் பாட்டிகாலப் பரிசோதனையும் கைவிட்டுவிடும்.

ஆயுதங்களில் துப்பாக்கிதான் அதிகம் தவறாக எழுதப்படுவது. குண்டின் மேல் உள்ள கீறல்களைக் குழலோடு ஒப்பிடுவது, உட்பக்கம் வரியிட்ட குழலுக்குத்தான் பொருந்தும். காட்டோரக் கிராமங்களில் புழங்கும் நாட்டுத் துப்பாக்கியின் குழல் வழுவழுப்பானது. அதில் பேசுவது ரவைகள் சிதறிய அகலமும், வெடிமருந்துக் கரியும், அடைத்த துணியும்தான். சேஷாசலம் காட்டில் 2015 ஏப்ரல் 7 அன்று போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் தமிழ்நாட்டைச் சேர்ந்த 20 பேர் இறந்தபோது, எவ்வளவு தூரத்திலிருந்து சுடப்பட்டது என்பதே பெரிய கேள்வியாயிற்று. ஹைதராபாத் உயர் நீதிமன்ற உத்தரவில் ஆறு உடல்களுக்கு மறு பிரேதப் பரிசோதனை நடந்தது. குண்டுவெடிப்பென்றால் துண்டுகளைப் பொறுக்கிக் கூட்டுவதே வேலை. 1991-இல் ஸ்ரீபெரும்புதூரில் தமிழ்நாடு தடய அறிவியல் ஆய்வகத்தின் இயக்குநர் பி. சந்திரசேகரன் துணித் துண்டுகளையும் உடல் சிதறிய விதத்தையும் வைத்து, குண்டை ஒரு பெண் உடம்பில் கட்டியிருந்தார் என்ற முடிவுக்கு வந்தார். ஆயுதத்தை விட்டுக் காட்டுக்குத் திரும்பினால், செம்மரம் செம்மரம்தானா என்பதும் ஆய்வகக் கேள்வியே: அதன் சிவப்பு சாராயத்தில் கரையும், தண்ணீரில் கரையாது.

இவையெல்லாம் கடைசியில் நீதிமன்றத்துக்கு வர வேண்டும். ஆய்வக அறிக்கையை, அதை எழுதிய அரசு நிபுணரைக் கூண்டில் ஏற்றாமலே சான்றாக ஏற்கச் சட்டத்தில் இடமுண்டு. பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் பெரும்பாலும் நேரில் வந்தாக வேண்டும். ஆகவே நீதிமன்றக் காட்சியின் நாயகர் டாக்டர், விஞ்ஞானி அல்ல. அவரிடம் கத்தியைக் காட்டிக் கேட்பார்கள். அவர் சொல்வது, "இந்தக் காயம் இதுபோன்ற ஆயுதத்தால் ஏற்பட்டிருக்க வாய்ப்புண்டு." எதிர்த்தரப்பு வக்கீல் "வேறு கத்தியாலும் ஏற்பட்டிருக்கலாம் அல்லவா?" என்பார். "ஆம்." இதற்கு மேல் நாடகம் வேண்டாம். போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது. அதன் பயனாகக் கண்டெடுத்த பொருளைச் சார்ந்த பகுதி மட்டும் செல்லும். விருப்பமில்லாதவருக்கு உண்மை கண்டறியும் ஊசி போடக் கூடாது என்று 2010-இல் செல்வி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதற்குப் பிந்தைய கதைகளிலும் ஊசி தாராளமாகப் போடப்படுகிறது.

கற்கும் வழி பெரிய செலவில்லாதது. மோடியின் மருத்துவச் சட்ட நூல் 1920 முதல் பதிப்பு மேல் பதிப்பாக வருகிறது, கே.எஸ். நாராயண ரெட்டியின் நூலை மருத்துவ மாணவர்கள் இன்றும் கையில் வைத்திருக்கிறார்கள். பழைய பதிப்புகள் பாதி விலைக்குக் கிடைக்கும், ஆனால் சட்டப் பிரிவுகளை அவற்றில் பார்த்து எழுதக் கூடாது. 2024-இல் எண்கள் மாறிவிட்டன. உயர் நீதிமன்றத் தீர்ப்புகள் இவற்றையெல்லாம்விடப் பயனுள்ளவை. ஒரு கொலை மேல்முறையீட்டுத் தீர்ப்பில் சம்பவ இடம், மகஜர், டாக்டரின் சாட்சியம், விசாரணையில் விட்ட ஓட்டைகள் எல்லாம் வரிசையாக இருக்கும், இலவசமாகவும் கிடைக்கும். செஷன்ஸ் நீதிமன்றங்கள் பொதுவாகத் திறந்தவை; பின் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு டாக்டரின் குறுக்கு விசாரணையைக் கேட்பது பல புத்தகங்களுக்குச் சமம். ஓய்வுபெற்ற தடயவியல் பேராசிரியர்கள் பேசுவார்கள். பணியில் இருப்பவரிடம் நடப்பு வழக்கைப் பற்றிக் கேட்பது முறையல்ல. கேட்டாலும் நல்லவர் சொல்ல மாட்டார். பாலியல் குற்றத்துக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது தண்டனைக்குரியது என்பதால், உண்மை வழக்கைத் தழுவும்போது பெயரை மட்டும் மாற்றினால் போதாது. ஊர், தொழில், உறவு எல்லாவற்றையும் மாற்ற வேண்டும்.

கைப்பிரதியை இரண்டு பேருக்குக் காட்டுவது வழக்கம்: ஒரு டாக்டர், ஒரு கிரிமினல் வக்கீல். டாக்டர் காயத்தின் நீளத்தையும் விறைப்பின் மணிக்கணக்கையும் திருத்துவார். வக்கீல் வேறு இடத்தில் கை வைப்பார்: முத்திரை வைத்தது யார், சாவி யாரிடம் இருந்தது, எந்தத் தேதியில் ஆய்வகத்துக்குப் போனது, நடுவில் அந்த ஐந்து நாள் பாட்டில் எங்கே இருந்தது.